சோதனை அட்டையின் கடைசி வரி

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். மென்பொருள் கம்பெனியில் வேலை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிங் பெல்லை அடித்துவிட்டு, நான் கதவைத் திறப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க ஆன்ட்டி, நீங்க சைக்கிள் கம்பெனியில இருந்தீங்களாமுங்க?"

"இருந்தேன்பா. இருபத்தெட்டு வருஷம்."

"அப்ப நம்ம பொங்கல் மலருக்கு நீங்கதான் எழுதோணும். விலை குறைஞ்ச மவுண்டன் பைக் வாங்கலாமா வேண்டாமான்னு குரூப்புல ஒரே சண்டைங்க. நன்மை அஞ்சு, தீமை அஞ்சு. ஒரு பக்கம் போதுமுங்க ஆன்ட்டி."

காபி கொடுத்து அனுப்பினேன். அன்று மதியமே நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு நடுவில் ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் நன்மை, வலது பக்கம் தீமை. பத்து வரிதானே, சாயங்காலம் காபிக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரமாகிறது. ஒரு பக்கம் என்று சொன்னவர் என்னை மன்னிக்க வேண்டும்.

திருமுல்லைவாயிலில் எங்கள் பிளாட் நிற்கும் இடத்தில் முன்பு என் மாமனாரின் கீரைத் தோட்டம் இருந்தது. அதைக் கொடுத்து இரண்டு பிளாட் வாங்கிக்கொண்டோம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கீரை பிடுங்கிப் பிடுங்கி வளைந்த முதுகு யாருடையது என்று எனக்குத் தெரியும். லிஃப்ட் நல்ல விஷயம். எனக்கு ஏக்கம் இருப்பது வேறு ஓர் இடத்தின் மேல். கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த மவுண்டன் பைக்கில் முதல் நன்மை அதன் டயர். நம் பக்கத்தில் சாக்கடைக்கு ஒரு தடவை, கேபிளுக்கு ஒரு தடவை, எதற்கென்றே தெரியாமல் ஒரு தடவை ரோட்டைத் தோண்டுகிறார்கள். மழை பெய்தால் பள்ளம் எது, ரோடு எது என்று தெரியாது. மெல்லிய டயர் வண்டி அதில் மாட்டிக்கொள்ளும். இந்தத் தடித்த டயர் பாட்டுக்கு ஏறி இறங்கிப் போய்விடும். இரண்டாவது, முன்பக்க ஸ்பிரிங். மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு நல்லது. ஆனால் அதே ஸ்பிரிங்தான் தீமையும். நீங்கள் மிதிக்கும் மிதியில் பாதியை அது வாங்கிக்கொண்டு மேலும் கீழும் ஆடும். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் தலையில் இரண்டு திருகு இருக்கும், திருகினால் கெட்டியாகும் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். ஆயிரக்கணக்கில் திருகியிருக்கிறேன். திருகுகிறவரின் மனசு கெட்டியாகும், அவ்வளவுதான்.

எடை பதினெட்டு கிலோ. மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அதுவே உடற்பயிற்சி. ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது. வாங்கின மறுவாரம் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி மாட்டிக்கொண்டு, கடைசியில் அது மலையேறும் வண்டியா, பால் வண்டியா என்று தெரியாமல் நிற்கும். மலை என்று பேர் வைத்திருக்கிறார்களே தவிர, அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை சல்லடை போட்டுத் தேடினாலும் மலை கிடைக்காது. நம் பக்கத்தில் இருக்கிற ஒரே மலை ரயில்வே மேம்பாலம்தான்.

பெரிய தீமை ஒன்று உண்டு. அதை ஆண்கள் யாரும் குரூப்பில் எழுத மாட்டார்கள். நடுக்கம்பி உயரம். புடவை கட்டிக்கொண்டு ஏற முடியாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி சின்னது. இப்போது அந்த இடத்தில் ஏதோ குடோன் இருக்கிறது. நான் சேர்ந்தது வீல் பிரிவில். சக்கரத்தில் கம்பி கோத்து, கோணல் எடுத்து நேராக்குகிற வேலை. முதல் வருஷம் விரல் நுனியெல்லாம் கிழிந்தது. ஐந்தாம் வருஷம் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன். பத்தாம் வருஷம் அலுப்பாக இருந்தது. பதிமூன்றாம் வருஷம் கம்பெனி கறுப்பு சைக்கிளை விட்டுவிட்டு கியர் வைத்த மலை சைக்கிளுக்கு மாறியது. ஓட்டிப் பார்த்து அனுப்ப ஆள் தேவைப்பட்டது. மூன்று ஆண்களைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேர் வேகமாக ஓட்டிப் பந்தயம் விட்டார்கள். ஒருவர் ஓட்டாமலே கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம்தான் பரிசோதனைப் பிரிவுத் தலைவர் தாமோதரன் சார் வீல் பிரிவுக்கு வந்து, "இங்க யாருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் தினமும் லேடீஸ் சைக்கிளில் வேலைக்கு வருகிறவள்.

கம்பெனியில் நீல நிற பேன்ட்டும் மேல்சட்டையும் கொடுத்தார்கள். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. அளவு சரியாக இருக்கிறதா என்று வீட்டில் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "இன்னாடி இது, போலீசுல சேந்துக்கினியா?" என்றார். மறுநாளிலிருந்து அதைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டேன். கேட்டுக்கு உள்ளே பேன்ட், மலை சைக்கிள். கேட்டுக்கு வெளியே புடவை, லேடீஸ் சைக்கிள். சோதனை வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனி சட்டம்.

தாமோதரன் சார் ஒல்லியான மனிதர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சோதனை செய்யும் முறையை அவரே ஒரு நாள் முழுக்க என்னோடு நின்று சொல்லிக் கொடுத்தார். முதலில் வண்டியை ஒரு சாண் தூக்கித் தரையில் விட வேண்டும். லூசாக இருப்பதெல்லாம் அதில் சத்தம் போட்டுவிடும். அப்புறம் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஹாண்டில் கழுத்தில் ஆட்டம் இருந்தால் கைக்குத் தெரியும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக் டிஸ்க் உரசுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். இரண்டு பிரேக்கையும் பத்துப் பத்து தடவை அழுத்த வேண்டும். பிறகு கம்பெனி வளாகத்துக்குள் இருக்கும் யார்டில் இரண்டு சுற்று. முதல் சுற்றில் கியர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். இரண்டாம் சுற்றில் தரையில் சுண்ணாம்பில் போட்ட மூன்று கோட்டில் மூன்று தடவை நிற்க வேண்டும்.

திரும்பி வந்தால் அவர் மூன்று கேள்வி கேட்பார். எந்த வண்டியானாலும் அதே மூன்று கேள்வி.

"என்ன செஞ்ச? என்ன கேட்டுது? என்ன தெரியலை?"

முதல் இரண்டுக்கு யாரும் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதற்காக அவர் சோதனை அட்டையிலேயே ஒரு வரி அச்சடித்து வைத்திருந்தார். வேறு எந்தக் கம்பெனி அட்டையிலும் அது கிடையாது என்று டீலர்கள் சொல்வார்கள். சக்கரம், பிரேக், கியர், ஹாண்டில் என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே, கையெழுத்துக்கு மேலே, "பார்க்காதது" என்று ஒரு வரி. சோதிக்கிறவர் எதையெல்லாம் பார்க்கவில்லை என்று அதில் எழுத வேண்டும். மழையில் ஓட்டவில்லை. இருட்டில் ஓட்டவில்லை. என் எடைக்கு மேல் ஏற்றவில்லை. அந்த அட்டையை ஹாண்டிலில் கட்டித்தான் வண்டி வெளியே போகும்.

"சார், இதைப் படிச்சா எவன் வண்டி வாங்குவான்?" என்று முதலாளி கேட்டபோது, "படிக்கிறவன் பார்த்து ஓட்டுவான் சார்" என்றார். அவ்வளவுதான் அவர் வாதம் செய்வது.

முதல் இரண்டு வருஷம் அந்த வரியை ஒழுங்காக எழுதினேன். அப்புறம் ஒரு நாளைக்கு நாற்பது வண்டி, ஐம்பது வண்டி என்று ஆனது. தினமும் அதே மழை, அதே இருட்டு, அதே எடை. கை தானாகவே "இல்லை" என்று எழுத ஆரம்பித்தது. பார்க்காதது: இல்லை. எழுதும்போது அது எவ்வளவு பெரிய பொய் என்று எனக்கு உறைக்கவில்லை. கடவுள்கூட அப்படி எழுதத் தயங்குவார்.

ஒரு மே மாதம், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் லாரி லாரியாக வண்டி போய்க்கொண்டிருந்த சமயம், ஒருவர் மலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் கேட்டுக்கே வந்துவிட்டார். நல்ல கனத்த ஆள். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அண்ணனூர் கார் ஷெட்டில், மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் இடத்தில் வேலை என்றார். பெயர் ஏழுமலை. சர்க்கரை வியாதிக்கு டாக்டர் சொல்லி வண்டி வாங்கினாராம்.

"இன்னாம்மா வண்டி இது? பாலம் எறங்க சொல்லோ பிரேக்கு புடிச்சா லிவரு கைப்புடி வரிக்கும் வந்து ஒட்டிக்கிது. கடைக்காரன் மூணு தபா டைட்டு பண்ட்டான். மூணு தபாவும் ஒரே வாரத்துல லூசாய்டுது."

நான் வண்டியை வாங்கித் தூக்கி விட்டேன். பத்து தடவை அழுத்தினேன். லிவர் கொஞ்சம் மெத்தென்று இருந்தது, அவ்வளவுதான். யார்டில் இரண்டு சுற்று போனேன். மூன்று கோட்டிலும் நின்றது.

"நல்லாத்தாண்ணா கீது. புது வண்டி, ஒயரு கொஞ்சம் இழுக்கும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எம்மா, நான் ரயிலுக்கே பிரேக்கு பாக்கறவன். என்கிட்ட கத வுடாத." சட்டைப் பையிலிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். வேர்வையில் ஓரம் ஊறியிருந்தது. "இத்த எய்தினது யாரு? பார்க்காதது, இல்லைன்னு போட்டுக்கீது. அல்லாத்தையும் பாத்துட்டியா நீ? பாலத்துமேல வந்து பாத்தியா?"

என் கையெழுத்து. சுழி போட்ட லை. பக்கத்தில் சார் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவர் அட்டையை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "உங்க எடை என்னங்க?" என்று ஏழுமலையிடம் கேட்டார்.

"தொண்ணூறு, தொண்ணூத்திரண்டு இருப்பேன் சார்."

"கோமளா, நீ?"

"நாப்பத்தி நாலு சார்."

அன்று பகல் முழுவதும் ஏழுமலையின் வண்டியைப் பிரித்துப் பார்த்தோம். பிரேக் கட்டை சரி. டிஸ்க் சரி. உள்ளே ஓடும் ஒயர் சரி. ஒயருக்கு மேலே கறுப்பு உறை ஒன்று இருக்கிறதே, அது வெளியே வழுவழுவென்று நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் சார் வாட்ச்மேனிடம் போய், கம்பெனி தொடங்கியதிலிருந்து யாரும் எழுதாத ஒன்றை எழுதி வாங்கி வந்தார். சோதனை வண்டிக்கு வெளியே போக பாஸ்.

"நாளைக்குக் காலையில அவர் ஓட்டற பாலத்துல, அவர் ஓட்டற மாதிரி ஓட்டணும். அவர் வண்டி வேணாம். பழகின வண்டி எதை வேணும்னாலும் சொல்லும். அவர் வண்டியோட வந்த அதே லாட்டுலேர்ந்து புதுசு ஒண்ணு எடு."

மறுநாள் காலையில் ஒரு பள்ளிக்கூடப் பையில் பெடல்களைப் போட்டு நிரப்பி என் முதுகில் மாட்டினார்கள். இருபது கிலோ. ஏழுமலை அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் என் வெயிட்டு வர்லியே சார்" என்றார்.

"மீதிக்கு அவங்க பிரேக்கைக் கொஞ்சம் கோபமாப் பிடிப்பாங்க" என்றார் சார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். ரோட்டில், பேன்ட் போட்டுக்கொண்டு, மலை சைக்கிளில். பஸ் ஸ்டாப்பில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாராவது சொந்தக்காரர்கள் இருப்பார்களோ என்று தலையைக் குனிந்தவள், நூறு அடி போவதற்குள் நிமிர்ந்துவிட்டேன். யார்டில் ஒவ்வொரு வண்டியிலும் இரண்டு சுற்றுதான். எந்த வண்டியிலும் நேராக இருநூறு அடி போனதில்லை. அன்றைக்குத்தான் நேராகப் போனேன்.

பாலத்தில் ஏறினேன். முதுகில் இருபது கிலோ, அடியில் பதினெட்டு கிலோ. ஒன்றாம் கியரில் போட்டதும் பெடல் வெண்ணெய் மாதிரி சுற்றியது. ஆயிரம் வண்டியில் அந்தக் கியரை மாற்றிப் பார்த்திருக்கிறேன், அது எதற்கு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. கார்த்திகேயன், இதை நன்மைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். உச்சிக்கு வந்தபோது அடியில் ஒரு மின்சார ரயில் அண்ணனூர் பக்கம் போனது. தூரத்தில் ஏரித் தண்ணீர் ஒரு கோடாகத் தெரிந்தது. காற்று அடித்தது. கீழே, இறக்கம் முடியும் இடத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சார் நின்றிருந்தார். பக்கத்தில் ஏழுமலை.

முறை இதுதான். உச்சியிலிருந்து மிதிக்காமல் விட வேண்டும். மூன்றாவது விளக்குக் கம்பத்தில் முன் பிரேக்கைப் பிடித்து, வண்டியை ஓடவும் விடாமல் நிற்கவும் விடாமல், ஆறாவது கம்பம் வரை அழுத்திக்கொண்டே வர வேண்டும். அங்கே நிறுத்தித் திரும்பவும் மேலே போக வேண்டும்.

முதல் மூன்று இறக்கத்தில் ஒன்றும் இல்லை. நான்காவதில் லிவர் மெத்தென்றது. ஐந்தாவதில் இன்னும் உள்ளே போனது. சாரிடம் சொன்னேன். "எறங்கிக்கிறியா?" என்று கேட்டார். "இல்ல சார், பாத்துடலாம்" என்றேன். கடமை என்று அவர் நினைத்திருப்பார். கடமையும் இருந்தது.

ஆறாவது இறக்கத்தில், நான்காவது கம்பத்தைத் தாண்டியதும் வலது கையில் பட்டென்று ஒரு சத்தம். லிவர் கைப்பிடியில் வந்து மோதியது. பிடிக்க ஒன்றுமே இல்லை. வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டு, ஓட ஆரம்பித்தது.

நான்கு விநாடி இருக்கும். ஐந்தாகக்கூட இருக்கலாம். பையிலிருந்த பெடல்களின் எடை முழுவதும் என்னை முன்னால் தள்ளியது. தலையில் கட்டியிருந்த துணி அவிழ்ந்து பறந்துவிட்டது. காதில் காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை. பயப்பட்டிருக்க வேண்டும். வீடு, பிள்ளைகள், முன்னால் போகும் ஷேர் ஆட்டோ எல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. அப்புறம் இடது கை தானாகவே பின் பிரேக்கைப் பிடித்தது. வண்டி வாலை ஆட்டிக்கொண்டு ஓரத்து மணல் குவியலில் போய்ப் புதைந்தது.

ஏழுமலைதான் முதலில் ஓடி வந்தார். "எக்கா, அடி கிடி பட்டுச்சா?" என்று தோளைப் பிடித்துத் தூக்கியவர் கையை எடுத்துவிட்டார். "இன்னா சார் இது? சிரிச்சிக்கினு கீதே இந்தம்மா!"

சார் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் எழுந்து உட்கார்ந்து மணலைத் தட்டும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"என்ன செஞ்ச?"

சொன்னேன்.

"என்ன கேட்டுது?"

"பட்டுன்னு ஒரு சத்தம் சார். லிவர்கிட்டயே."

"என்ன தெரியலை?"

என் வாயில் இருந்தது வேறு. பிரேக்கே பிடிக்காமல் உச்சியிலிருந்து கடைசிவரை இறங்கினால் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை சார், இன்னொரு தடவை போகட்டுமா என்று கேட்க வேண்டும்போல இருந்தது. நாற்பத்தேழு வயதுப் பொம்பளை, ஒரு லாரி லோடு வண்டியில் தப்பு இருக்கிறது என்று தெரிந்த நேரத்தில், அதைக் கேட்க முடியுமா?

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மறுபடியும் இல்லையா?" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

அங்கேயே உறையைக் கத்தியால் கிழித்தார். உள்ளே இருந்த கம்பிகள் துடைப்பம்போல விரிந்து நின்றன. பிரேக்குக்கு வரும் உறையில் கம்பி சுருள் சுருளாகச் சுற்றியிருக்க வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். கியருக்கு வரும் உறையில் கம்பி நீளவாக்கில் ஓடும். கியருக்கு அழுத்தம் கிடையாது, அதனால் போதும். பழைய சப்ளையரிடம் ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடவே முடியாது. புது சப்ளையரின் இரண்டு சுருளும் ஒரே கறுப்பு, ஒரே கனம். வெட்டுகிற மேஜையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கின்றன; பிரேக்குக்குக் கியர் உறை போய்விட்டது. வெட்டிய நுனியில் மூடி மாட்டிவிட்டால் அப்புறம் யாருக்கும் தெரியாது. யார்டில் நாற்பத்து நாலு கிலோ உட்கார்ந்து மூன்று கோட்டில் நின்றால் அது நிற்கும். பாலத்தில் தொண்ணூறு கிலோ இறங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக விரியும்.

ஏழுமலை அந்தக் கம்பிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "என் பொண்ணு கேட்டுச்சு சார் இந்த வண்டிய. ஸ்கூலுக்கு எடுத்துகினு போறேன்னு. நல்ல வேள, குடுக்கல" என்றார். என் சிரிப்பு அப்போதுதான் நின்றது.

கம்பெனியில் மிச்சம் இருந்த வண்டிகளுக்கு உறை மாற்ற முதலாளி உடனே சரி என்றார். விற்றுப்போனதைத் திருப்பிக் கூப்பிட மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே ஒரு புகார்தானே வந்திருக்கிறது, கம்பெனி பேர் கெட்டுவிடும் என்றார். தாமோதரன் சார் வாதம் செய்யவில்லை. பரிசோதனைப் பிரிவு முத்திரையைப் போட்டு எல்லா டீலருக்கும் அவரே கடிதம் அனுப்பிவிட்டார். லாட்டு முழுவதையும் பார்த்தது யார் என்று முதலாளி கேட்டபோது, "யார்டுல எறக்கம் கிடையாது சார். அது என் தப்பு" என்றார். என் அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே போய், நான்தான் எல்லாவற்றிலும் இல்லை என்று எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அப்போது மூத்தவனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டும் நேரம்.

மூன்று வாரம் வண்டிகள் திரும்பி வந்துகொண்டே இருந்தன. நானும் வீல் பிரிவிலிருந்து நாலு பெண்களும் உறைகளைக் கழற்றி, ஒவ்வொரு நுனியையும் கண்ணில் வைத்துப் பார்த்து மாற்றினோம். யாருக்கும் பெரிய அடி இல்லை என்று டீலர்கள் சொன்னார்கள். திரும்பி வராத வண்டிகள் சில உண்டு. அவற்றை ஓட்டியவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. பதினான்கு வருஷம் ஆகிறது. பாலத்தில் யாராவது மலை சைக்கிளில் இறங்கினால் இப்போதும் வலது கை லிவரைப் பார்க்கிறேன்.

உறை மாற்றிய முதல் வண்டியை மறுபடி பாலத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தோம். அது என் ஏழாவது இறக்கம். நல்ல உறை, புது பிரேக். கூட யாரும் அவசரப்படுத்தவில்லை. சார் கீழே நின்றார். "உன் இஷ்டம்போல எறங்கி வா" என்று சொல்லித்தான் அனுப்பினார். இப்போது யோசித்தால், தெரிந்தே சொன்னார் என்று படுகிறது. உச்சியில் நின்று கீழே பார்த்தேன். ரோடு காலியாக இருந்தது. விட்டேன். மூன்றாவது கம்பம் வந்தது. பிடித்தேன். ஆறாவது கம்பம் வரை, முறைப்படி, பிடித்துக்கொண்டே வந்தேன்.

"பிரேக் நல்லா இருக்கு சார்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அன்று மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை.

ஆறு மாதத்தில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவர் கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு, ராஜினாமா எழுதிக் கொடுத்து ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகிற அன்று ஏழுமலையின் அந்த வேர்வை ஊறிய அட்டையை என்னிடம் கொடுத்து, "இது உன்னுது. வச்சுக்கோ" என்றார். புதிதாக அச்சடித்த அட்டையில் கடைசி வரி இல்லை. கொஞ்ச நாள் நானே பேனாவால் கோடு போட்டு எழுதினேன். புது அதிகாரி கூப்பிட்டு, இதெல்லாம் வேண்டாம் என்றார். நிறுத்திவிட்டேன். பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு யாரும் பிறகு கேட்டைத் தாண்டவும் இல்லை. ஓய்வு பெறும்வரை யார்டில் இரண்டு சுற்று, மூன்று கோடு. கடைசி நாளில் நீல பேன்ட்டைத் துவைத்து மடித்து ஸ்டோரில் ஒப்படைத்தேன்.

எனக்கு எந்த இடத்தின் மேல் ஏக்கம் என்று முதலில் சொன்னேன். அந்தப் பாலத்தின் உச்சி. ஏழு தடவை அங்கிருந்து இறங்கியும் ஒரு தடவைகூட இறங்காதவள் நான். அந்த நான்கு விநாடியை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கற்பனை செய்து பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. இப்போது மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டது. மாடிப்படியையே தொடாதே என்கிறார் டாக்டர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாமோதரன் சார் இறந்துவிட்டார் என்று பழைய ஆள் ஒருவர் போனில் சொன்னார். அன்று முழுவதும் அவருடைய மூன்றாவது கேள்வி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது.

நேற்று கார்த்திகேயன் வந்து இதுவரை எழுதியதைப் படித்தார். "கடைசியா, வாங்கலாமா வேண்டாமான்னு ஒரு வரி மட்டும் சேர்த்துருங்க ஆன்ட்டி" என்றார்.

வாங்கலாம். கனம்தான், ஆட்டம்தான், ஸ்டாண்டு இல்லைதான். ஆனால் நம் ரோட்டுக்கு ஏற்ற வண்டி. பெண்கள் பேன்ட்டோ சுடிதாரோ போட்டுக்கொண்டு தைரியமாக ஓட்டலாம், பஸ் ஸ்டாப்பில் பார்ப்பவர்கள் நூறு அடிக்கு மேல் பார்க்க மாட்டார்கள். வாங்கியதும் மெக்கானிக்கிடம் முன் பிரேக் உறையின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே கம்பி சுருளாக இருந்தால் மட்டும் வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

அவர் போனபின் பீரோவிலிருந்து அந்தப் பழைய அட்டையை எடுத்தேன். சக்கரம், சரி. பிரேக், சரி. கியர், சரி. ஹாண்டில், சரி. கடைசி வரியில் "இல்லை" என்பதை ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. பொடி எழுத்தில் எழுதினேன்.

பார்க்காதது: பாலத்து உச்சியிலிருந்து பிரேக்கைத் தொடாமல் ஓர் இறக்கம், சார்.